மின்கட்டணம் பற்றிக் கேட்டால் நான் சங்கியா, உபியா?

மாடிவீட்டு மணி:
காலேஜ் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில், 500 யூனிட் தாண்டியதும் கரண்ட் பில் ஏன் இப்படிக் குதிக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். "வந்துட்டான் சங்கி" என்று பாஜக பக்கம் தள்ளினான் ஒருத்தன். இல்லடா, ஜிஎஸ்டி பற்றியும் இப்படித்தான் கேட்பேன் என்றேன், அடுத்தவன் "200 ரூபாய் உபி" என்று திமுகவில் சேர்த்தான். அரை மணி நேரத்தில் இரண்டு கட்சியிலும் சேர்த்துவிட்டார்கள், கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. இந்தப் பட்டப்பெயர்களில் சிலதைச் சிலர் பெருமையாக பயோவிலேயே போட்டுக்கொள்கிறார்கள், சிலதுக்கு மட்டும் சண்டைக்கு வருகிறார்கள். அது ஏன்?

திண்ணைக்காரன்:
முதலில் பில். 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளில் ஒரு பகுதிக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடுகிறது. அதனால்தான் அந்தக் குதி.

இப்போது பட்டப்பெயருக்கு வருவோம். கலைஞர் முரசொலியில் தொண்டர்களுக்குக் கடிதம் எழுதினால் "உடன்பிறப்பே" என்றுதான் ஆரம்பிப்பார். எம்ஜிஆருக்கு "ரத்தத்தின் ரத்தம்". சீமானுக்கு "தம்பி". எல்லாம் தலைவர் ஆசையாகக் கூப்பிட்டது, எதிரணி அதையே எடுத்து உபி, ரர என்று சுருக்கி, தம்பியை இழுத்து இழுத்துச் சொல்லி நக்கலாக்கிவிட்டது. கட்சிக்காரனுக்கு அதில் பெரிதாக உறைக்காது, "ஆமா, உபிதான், இப்ப என்ன?" என்பான். சங்கியும் அப்படித்தான், ஆர்எஸ்எஸ் சங்கத்துக்காரன் என்று சொன்னால் சங்கத்துக்காரனுக்கு என்ன கோபம்? ஆனால் உபிக்கு முன்னால் அந்த 200 ரூபாயைச் சேர்த்துவிட்டால் கதையே வேறு. நீ காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாய் என்றாகிவிட்டது, அப்புறம் நீ சொன்னதற்கு எவனும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சோம்பேறிகளுக்கு இதைவிட வசதியான ஆயுதம் கிடையாது.

பழைய பேப்பர்:
வசையைத் திருப்பிப் போடுவதில் எல்லாக் கட்சியும் கெட்டிதான். 2019 தேர்தலில் ராகுல் "சௌகிதார் சோர் ஹை", அதாவது காவலாளியே திருடன் என்று ஊர் ஊராகச் சொன்னார். மார்ச்சில் மோடி ட்விட்டரில் தன் பெயருக்கு முன்னாலேயே சௌகிதார் என்று போட்டுக்கொள்ள, அவரைப் பார்த்துக் கட்சியே போட்டுக்கொண்டது. பிப்ரவரி 2021-இல் அதே மோடி மாநிலங்களவையில் "அந்தோலன்ஜீவி" என்றார், போராட்டமே பிழைப்பாக இருப்பவர்கள் என்று. விவசாயச் சங்கத்துக்காரர்கள், ஆமாம் அதில் எங்களுக்குப் பெருமைதான் என்று பதில் கொடுத்தார்கள். நாடகாசிரியர் கிரிஷ் கர்னாட் 2018-இல் பெங்களூரில் "நானும் அர்பன் நக்சல்", அதாவது நானும் நகரத்து நக்சலைட்தான் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாரே, அந்தப் படம் ஞாபகம் இருக்கிறதா?

நல்லூர்வாசி:
உங்களுக்கு இது பகிடி. எங்கட பக்கம் ஒரு சொல் இருந்தது, அதை ஒருத்தரும் கழுத்தில மாட்டிக்கொண்டு சிரிக்கேலாது: துரோகி. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவை எழுபதுகளில் தமிழ்த் தேசிய மேடைகளில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்டவர்கள் கைதட்டினார்கள். 1975 ஜூலை 27 பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொன்றார்கள். அந்த மேடைகளின் பெரிய தலைவர் அமிர்தலிங்கம். பிறகு அவருக்கும் அதே பெயர் வந்தது, 1989 ஜூலையில் கொழும்பில் அவரையும் சுட்டார்கள். கட்சிப் பெயரைச் சொல்லி நக்கல் அடிக்கிறது வேற, நீ இந்தச் சனத்துக்குள்ளேயே இல்லை என்று சொல்லுறது வேற. "ஆன்டி இந்தியன்" எல்லாம் இரண்டாவது வகைதான், கவனம்.

மாடிவீட்டு மணி:
@நல்லூர்வாசி, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் குழு அட்மினிடம் சொல்லி இந்த மாதிரி வார்த்தைகளுக்குத் தடை போடச் சொல்லலாமா?

கடுப்பன்:
போட்டுப் பாருங்கள். 2022 ஜூலையில் மக்களவைச் செயலகம் அவையில் பேசத் தகாத சொற்கள் என்று ஒரு தொகுப்பு விட்டது, "ஜும்லாஜீவி", அதாவது வெற்று வாக்குறுதியே பிழைப்பாக இருப்பவன் என்பது வரைக்கும் அதில் இருந்தது. எதிர்க்கட்சிகள் கத்தின கத்தில், எந்தச் சொல்லுக்கும் தடை இல்லை என்று சபாநாயகர் ஓம் பிர்லாவே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் அட்மின் "சங்கி"யைத் தடுத்தால் நடுவில் ஒரு புள்ளி வைத்து எழுதுவான், அவ்வளவுதான்.

அப்புறம், விலகி நின்று தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், அதற்கும் "நடுநிலை நக்கி" என்று ஒன்று தயாராக இருக்கிறது. இங்கிலாந்தில் விக், டோரி என்ற கட்சிப் பெயர்கள் இரண்டுமே 1680 வாக்கில் எதிரிகள் வைத்த வசைதான், டோரி என்றால் அயர்லாந்துக் கொள்ளைக்காரன். இன்றைக்குக் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரன் அதைத் தானே சொல்லிக்கொண்டு ஓட்டுக் கேட்கிறான். நான் செய்வது ஒன்றுதான்: உபி என்றாலும் சங்கி என்றாலும் "சரி, வச்சுக்கோ, கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்று அதே கேள்வியைத் திரும்ப ஒட்டுவேன். இரண்டாவது தடவையும் பட்டப்பெயர்தான் வருகிறது என்றால் அவனிடம் பதில் இல்லை, ம்யூட் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.