டெல்லி ஹௌஸ் காஸ் ஏரிக்கரையில அப்பா

சித்தி: மீனா நேத்து உங்கப்பாவ கூட்டிட்டு ஹௌஸ் காஸ் போனியாமே. அங்க ஒரே பப்பும் ஹோட்டலுமா இருக்கும்னு முரளி சொல்றான், வயசானவங்க போற எடமா அது

மீனா: சித்தி அந்தக் கடைத்தெருவ தாண்டி கடைசி வரைக்கும் நடக்கணும். கேட்டுக்குள்ள போனா புல்தரை, சின்ன சின்ன குவிமாட மண்டபம், அப்படியே ஓரத்துல போய் எட்டிப் பாத்தா கீழ ஏரி. மேல நின்னா ஒத்த மாடி மாதிரிதான் தெரியுது, படியில இறங்கி ஏரிப் பக்கம் போனாத்தான் ரெண்டு அடுக்குன்னு புரியுது. பசங்க தங்கிப் படிச்ச மதரஸா சித்தி, 1352ல கட்டினது

சித்தி: 1352ஆ!

முரளி: அக்கா ஏரி அதுக்கும் முன்னாடி. டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி வெட்டினது, அவர் கட்டின சிரி கோட்டை ஜனங்களுக்கு தண்ணிக்காக. அப்ப பேரு ஹௌஸ்-இ-அலாய்

அப்பா: ஆமாம் முரளி. அதுதான் எனக்கு மனசுல நிக்குது. கில்ஜி வெட்டின குளம் அம்பது வருஷத்துக்குள்ள மண் மேடாகி தூர்ந்து போச்சு. பின்னால வந்த சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் தூர் வாரி வரத்துக் கால்வாய சரி பண்ணி தண்ணி நிறுத்தினப்புறம்தான் கரையில மதரஸா கட்டினார். முதல்ல தண்ணி அப்புறம் பள்ளிக்கூடம். பொதுப்பணித்துறைல 31 வருஷம் கண்மாய் வேலை பாத்தவன் சொல்றேன், புதுசா வெட்டி பேர் வாங்க எல்லாரும் வருவாங்க, அடுத்தவன் வெட்டினத தூர் வார வர்ற ஆள் ரொம்ப கம்மி

முரளி: பெரியப்பா யமுனைலேர்ந்து ஹரியானா பக்கம் ஹிசாருக்கு கால்வாய் கொண்டு போனதும் அவர்தான். இங்க டெல்லில அவர் கட்டின கோட்லா கோட்டைல நிக்கற அசோகர் தூணும் அவர் கொண்டு வந்து நட்டதுதான்

அப்பா: அப்படியா. அப்ப கோட்லாவும் போகணும்மா மீனா

மீனா: போலாம்ப்பா, முட்டி வலி குறையட்டும். சித்தி அப்பா நேத்து பண்ணினத கேளுங்க, மதரஸாவோட ரெண்டு பக்கக் கட்டடமும் சேர்ற மூலையிலதான் ஃபிரோஸ் ஷா சமாதி, அந்த சுவத்துல கைய வச்சு தடவி தடவிப் பாத்துட்டே நின்னாரு, எவ்வளவு கனம் பாரு சுண்ணாம்புப் பூச்சு எப்படி நிக்குது பாருன்னு. உள்ள அண்ணாந்து பாத்தா குவிமாடத்துல வட்டமா சித்திர வேலை, கழுத்து வலிக்கற வரைக்கும் பாத்தோம். கீழ அறைகள்ல சுவத்துக்குள்ளயே ஆழமா மாடக்குழி விட்டிருக்கு, புஸ்தகம் வைக்கவாம். நம்ம ஊர் வீட்டுல விளக்கு வைக்கற மாடம் ஞாபகம் வந்துச்சு எனக்கு

சித்தி: கேக்கவே ஆசையா இருக்குடி. தண்ணி நிறைய இருக்கா?

மீனா: இருக்கு சித்தி, ஆனா பச்சையா இருக்கு, காத்தடிச்சா கொஞ்சம் வாடை. ஏரி இடையில கொஞ்ச காலம் வத்தியே போச்சாம், சுத்தி ஊர் வளந்து மழைத்தண்ணி வர்ற வழியெல்லாம் அடைபட்டு. 2000க்கு அப்புறம்தான் சுத்திகரிச்ச கழிவுநீர விட்டு திரும்ப நிரப்பினாங்க. பழைய ஏரில ஒரு சின்ன பங்குதான் இப்ப மிச்சம்

அப்பா: வரத்து அடைச்சா எந்தக் குளமும் செத்துடும். 1398ல மத்திய ஆசியாலேர்ந்து தைமூர் டெல்லி மேல படையெடுத்து வந்து இந்தக் கரையிலதான் தங்கினான், அவ்வளவு பேர் குடிச்ச தண்ணி. இன்னைக்கு ஒரு கை அள்ள முடியல. அது எனக்கு ரொம்ப வருத்தமா போச்சு வசந்தா. கரையில ஒரு நாரை நின்னுட்டு இருந்துச்சு, அத பாத்துட்டே அரை மணி உக்காந்திருந்தேன்

சித்தி: அத்தான் ஞாயித்துக்கிழம நானும் வர்றேன், இன்னொரு தடவ வருவீங்களா

அப்பா: வர்றேன். காலைல வெயிலுக்கு முன்னாடி போயிடணும்

மீனா: சித்தி மயூர் விஹார்லேர்ந்து மெட்ரோ பிங்க் லைன்ல ஐஎன்ஏ ஸ்டேஷன் வந்து மஞ்சள் லைன் மாறுங்க, ரெண்டாவது ஸ்டாப் க்ரீன் பார்க், அங்க இறங்குங்க. ஹௌஸ் காஸ்னு பேர் இருக்கேன்னு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடாதீங்க, அது தள்ளி. படி குறுகலா இருட்டா இருக்கு, பிடிமானமுள்ள செருப்பா போடுங்க

சித்தி: சரி கண்ணு. புளியோதரை நான் கட்டிட்டு வர்றேன்

முரளி: பக்கத்துல மான் பூங்காவுல உக்காந்து சாப்பிடலாம்மா, 1501ல கட்டின பாக்-இ-ஆலம் கும்பத்ங்கற குவிமாடக் கல்லறை அங்கதான் இருக்கு

அப்பா: 7 மணிக்கு க்ரீன் பார்க் ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன்