காக்பிட் பார்வை திரும்பத் திரும்பக் கீழே இறங்கிவிடுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. பினாங்கு, பாயான் லெப்பாசிலிருந்து எழுதுகிறேன். விமானம் ஓட்டும் கணினி விளையாட்டான ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, விண்டோஸ் 11, 34 அங்குல அகலத் திரை. போன மாதம் இந்தத் திரைக்கு மாறியதிலிருந்துதான் தொல்லை.

ஏர்பஸ் பயணிகள் விமானமான ஏ320 நியோவின் காக்பிட்டில் (விமானி அறையில்) உட்கார்ந்தால் கண்மட்டம் ரொம்பத் தாழ்வு. நம்ம ஊர் ஓடுபாதை 04-க்குக் கடல் பக்கமிருந்து இறங்கும்போது டாஷ்போர்டு பாதி ஓடுபாதையை மறைக்கிறது. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்று தெரிய வேண்டிய பாப்பி விளக்குகள் (சரியான உயரத்தில் இறங்குகிறோமா என்று காட்டும் ஓடுபாதையோர விளக்குகள்) கடைசி நேரத்தில் காணாமல் போகின்றன. எட்டிப் பார்க்கவா முடியும்!

மேல் அம்புக்குறியால் பார்வையை உயர்த்தி, கன்ட்ரோல் ஆல்ட் 1 அழுத்திச் சேமித்தேன். ஆல்ட் 1 அழுத்தினால் வருகிறது, சரி. ஆனால் வெளிப்புறப் பார்வைக்குப் போய்த் திரும்பினால் பழையபடி தாழ்வு. கேமரா அமைப்பில் உயரத்தைக் கூட்டினால் சிறிய விமானமான செஸ்னா 172-இல் கூரைதான் தெரிகிறது. கூடுதல் விமானங்கள், மாற்றங்கள் போன்றவற்றைப் போட்டு வைக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரைக் காலி செய்தும் பார்த்தாயிற்று. அப்புறம் கீபோர்டை மாற்றினேன், அதுவும் வீண்.

மற்ற விமானங்களைத் தொடாமல், ஏ320-க்கு மட்டும் இந்த உயரத்தையே தொடக்கப் பார்வையாக நிலைக்க வைப்பது எப்படி?