பலூன் மாட்டிய போத்தல்: 0.3 கிராம் எங்கே போகிறது?

செந்தூல்_டீச்சர்:
வினைக்கு முன்னும் பின்னும் பொருண்மை மாறாது என்று ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். 30 மி.லி. வினிகர், 1 கிராம் ஆப்ப சோடா, போத்தல் வாயில் பலூன். தராசு 0.01 கிராம் வரை காட்டும். பலூன் உப்பியதும் 0.31 கிராம் குறைகிறது. சவர்க்கார நீர் பூசிப் பார்த்தாயிற்று, கசிவே இல்லை. என்ன காரணம்?

பிறை_வேதியியல்:
காற்றின் மிதப்பு விசைதான் டீச்சர். 1 கிராம் சோடா 0.52 கிராம் கார்பன் டைஆக்சைடு தரும். நம் ஊர் வெப்பத்தில் அது ஏறக்குறைய 0.3 லிட்டர். உப்பிய பலூன் அத்தனை காற்றை விலக்குகிறது. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.16 கிராம் என்பதால் 0.35 கிராம் வரை மேலே தூக்கும். கொஞ்சம் வாயு வினிகரிலேயே கரைந்துவிடும், அதனால் 0.31.

பலூனை விடுங்கள். 100 பிளஸ் மாதிரி 500 மி.லி. காஸ் பானப் போத்தல் எடுங்கள். வினிகரை ஊற்றி, சோடா போட்ட சின்ன பிளாஸ்டிக் சோதனைக் குழாயை உள்ளே நிமிர்த்தி இறக்கி, மூடியை இறுக்கி நிறுங்கள். பிறகு சாய்த்துக் கலந்து, நுரை அடங்கியதும் மறுபடி நிறுங்கள். கொள்ளளவு மாறாததால் எண்ணும் மாறாது. கடைசியில் மூடியைத் திறந்து ‘புஸ்’ சத்தத்துக்குப் பின் நிறுத்தால் 0.4 கிராம் போல இறங்கும். முழு 0.52 இறங்காது, வெளியேறுவது காற்றும் கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயு; கார்பன் டைஆக்சைடில் பாதிக்கு மேல் போத்தலுக்குள்ளேயே தங்கிவிடும். இதைக் கேட்காத மாணவன் இருக்க மாட்டான்.

லேப்_அண்ணன்:
மினரல் வாட்டர் போத்தல் வேண்டாம், மெல்லிசு. 50 மி.லி. புடைத்தாலே 0.06 கிராம் குறைத்துக் காட்டும். கண்ணாடிப் போத்தலை மூடவே கூடாது, வெடிக்கும். சோடாவும் 1 கிராமைத் தாண்ட வேண்டாம். குழாயை நூலில் கட்டி மூடியில் நெரித்தால் நூல் வழியே கசியும். காற்றாடியை நிறுத்துங்கள். ஏர்கோன் அறையிலிருந்த போத்தலை வெளியே கொண்டுவந்தால் வியர்க்கும், அந்த ஈரமும் எடையில் சேரும்.

செந்தூல்_டீச்சர்:
நன்றி சார். வாயுவே வராத சோதனை ஏதும் உண்டா?

பிறை_வேதியியல்:
1 மோலார் (மோலார் என்பது கரைசலின் செறிவு அளவு) சோடியம் ஹைட்ராக்சைடு 10 மி.லி., 0.5 மோலார் செப்பு சல்பேட்டு 10 மி.லி. இரண்டையும் கலந்தால் நீல வீழ்படிவு, அதாவது கரையாத திடப்பொருள் வரும், எடை அசையாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டும். ஆனால் எதுவும் வெளியே போகிற மாதிரியே தெரியாததால் மாணவர்களுக்குச் சந்தேகமே எழாது. போத்தல் சோதனைதான் என் தேர்வு.