அப்பாவைக் கிரிஃபித் வானாய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

சுங்கை சிப்புட் மகள்:
எல்லாருக்கும் வணக்கம். நவம்பர்ல மலேசியாவிலேர்ந்து அப்பாவைக் கூட்டிட்டு, லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற என் தம்பி வீட்டுக்குப் போறேன். தம்பி டிஸ்னிலாண்டுக்கு டிக்கெட் எடுக்கவான்னு கேக்குறான். எனக்கு அப்பாவை மலைமேல இருக்கிற கிரிஃபித் வானாய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்.

அப்பாவுக்கு 74 வயசு. 31 வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவர். கார்த்திகை மாசத்துல, "அறுமீன் மேற்கே சாஞ்சிருச்சு, எந்திரி"ன்னுதான் எழுப்புவார். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத்தான் அப்படிச் சொல்வார். விடிகாலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போற வழியில நெத்தி விளக்கை அணைச்சிட்டு, அந்த ஆறு மீனையும் என்னை எண்ண வைப்பார். பால் காஞ்சு கறுத்துப்போன அந்த விரல் நகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. இத்தனை வருஷத்துல ஒரு தொலைநோக்கியில கண்ணு வச்சதில்ல அவர்.

நம்மள மாதிரி ஆளுங்களைப் பார்க்க விடுவாங்களா? கட்டணம் எவ்வளவு? அவருக்கு மூட்டுவலி வேற.

கிள்ளான்காரன்:
அக்கா, கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே கட்டினது அது. கிரிஃபித்துங்கிறவர் மவுண்ட் வில்சன் மலையில இருக்கிற வானாய்வகத்துல 60 அங்குலத் தொலைநோக்கியில பார்த்து அசந்துபோய், இது எல்லாச் சனங்களுக்கும் கிடைக்கணும்னு பணம் எழுதி வச்சார். 1935ல திறந்தாங்க. இன்னிக்கும் நுழைவு இலவசம், கோளரங்கக் காட்சிக்கு மட்டும்தான் டிக்கெட். கூரைமேல இருக்கிற, ஸைஸ் (Zeiss) கம்பெனி செஞ்ச 12 அங்குலத் தொலைநோக்கியில இதுவரை 80 லட்சம் பேருக்கு மேல பார்த்திருக்காங்க.

நான் போன அன்னிக்கு நிலாவைக் காட்டினாங்க. பள்ளத்தோட விளிம்பு, அதுக்குள்ள விழுந்த நிழல், எல்லாம் அப்படியே தெரிஞ்சுது. கண்ணை எடுக்கவே மனசு வரல.

மேகம் இருந்தா காட்ட மாட்டாங்க. திங்கட்கிழமை மூடியிருக்கும். வரிசை நீளமானா சீக்கிரமே நிறுத்திடுவாங்க, அதனால இருட்டுறதுக்கு முன்னாடியே போயிடுங்க. பகல்ல போனா சூரியனோட பிம்பத்தை உள்ளேயே நின்னு பார்க்கலாம்.

தைப்பிங் வாத்தியார்:
தங்கச்சி, உள்ள நுழைஞ்சதும் பெண்டுலம் இருக்கும். 12 மீட்டர் கம்பியில 109 கிலோ பித்தளைக் குண்டு. சுத்தி நட்டிருக்கிற முளைகளை ஒண்ணொண்ணா தட்டி விடும். முளை விழுந்தா பூமி அவ்வளவு திரும்பியிருக்குன்னு அர்த்தம். அது விழுற வரைக்கும் அப்பாவை நிக்க வைங்க.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல துருவ மீன் தொடுவானத்துக்கு 5 பாகைதான் மேல, அதையும் மரம் மறைச்சிடும். அங்கே 34 பாகை உயரத்துல நிக்கும். வெளியில வந்ததும் வடக்கே காட்டுங்க.

சுங்கை சிப்புட் மகள்:
ரொம்ப நன்றி. காலையில பசியாறும்போது எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். வாத்தியார் எழுதினதை மட்டும் ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னார். ராத்திரி வாசல்ல நின்னு வடக்கே ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தார். எதிர்ல செம்பனைதான். டிஸ்னிலாண்ட் வேணாம்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன்.