ஜாவா த்ரெட்டை பாஸ், ரெஸ்யூம், ஸ்டாப் செய்ய சரியான வழி எது?

கேள்வி:
ஃபைல்களை ஒவ்வொன்றாகப் படித்து டேட்டாபேஸில் ஏற்றும் வொர்க்கர் த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) ஒன்று. திரையில் பாஸ், ரெஸ்யூம், ஸ்டாப் பட்டன்கள். பழைய கோடில் சஸ்பெண்ட், ரெஸ்யூம், ஸ்டாப் மெத்தட்களையே நேரடியாக அழைத்திருந்தார்கள். ஜாவா 21-க்கு மாறியதும் அன்சப்போர்ட்டட்ஆப்பரேஷன்எக்ஸெப்ஷன் (இந்த மெத்தடுக்கு ஆதரவில்லை என்ற பிழை) வருகிறது. இப்போது பாஸ்டு என்று ஒரு பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் வைக்கும் வேரியபிள்) வைத்து, அது ட்ரூவாக இருக்கும்வரை 100 மில்லிசெகண்ட் ஸ்லீப் போட்டுச் சுற்றவிட்டிருக்கிறேன். பாஸில் இருக்கும்போது ஸ்டாப் அழுத்தினால் ஜாயின் (த்ரெட் முடியும்வரை காத்திருக்கும் மெத்தட்) திரும்புவதே இல்லை. ஏன்?

பதில் 1:
உங்கள் லூப் பாஸ்டை மட்டும் பார்க்கிறது, ஸ்டாப் அழுத்தியதைக் குறிக்கும் ஸ்டாப்டு பூலியனைப் பார்க்கவில்லை. அதனால்தான்.

பழைய மெத்தட்களை எடுத்ததற்குக் காரணம் உண்டு. சஸ்பெண்ட் ஆன த்ரெட் கையிலிருக்கும் லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) விடாது; ரெஸ்யூம் செய்யவேண்டிய த்ரெட்டுக்கே அந்த லாக் தேவைப்பட்டால் டெட்லாக், இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும். ஸ்டாப் இதைவிட மோசம்: எல்லா மானிட்டரையும் (ஜாவா ஆப்ஜெக்ட்டோடு வரும் லாக்) விட்டுவிடும், பாதி மாற்றிய டேட்டா மற்ற த்ரெட்களின் கண்ணில் படும்.

ஒரே லாக், இரண்டு பூலியன். இரண்டையும் அந்த லாக்குக்குள் மட்டுமே தொடுங்கள். ஒவ்வொரு ஃபைலும் டேட்டாபேஸில் கமிட் ஆன (நிரந்தரமாகப் பதிவான) பிறகு ஒரு செக்பாயின்ட்: பாஸ்டு ட்ரூ, ஸ்டாப்டு ஃபால்ஸ் என்றிருக்கும்வரை வெயிட் (லாக்கை விட்டுவிட்டு, எழுப்பும்வரை தூங்கும் மெத்தட்). இஃப் போடாதீர்கள், வைல்தான். யாரும் நோட்டிஃபை செய்யாமலே (எழுப்பாமலே) வெயிட் கலையலாம். ரெஸ்யூம், ஸ்டாப் இரண்டுமே பூலியனை மாற்றிவிட்டு நோட்டிஃபைஆல் (வெயிட்டில் இருக்கும் எல்லா த்ரெட்டையும் எழுப்பும் மெத்தட்) அழைக்க வேண்டும். இன்னொன்று: வெயிட் தன் மானிட்டரை மட்டும்தான் விடும். வேறு லாக் கையில் இருந்தால் பழைய சஸ்பெண்ட் கதைதான்.

பதில் 2:
த்ரெட் ஸ்லீப்பிலோ க்யூவின் டேக்கிலோ (க்யூவில் ஏதாவது வரும்வரை காத்திருக்கும் மெத்தட்) நின்றால் பூலியனைப் பார்க்கவே வராது. ஸ்டாப்பில் இன்டரப்ட்டும் (காத்திருக்கும் த்ரெட்டைக் கலைக்கும் மெத்தட்) சேருங்கள். இன்டரப்டட்எக்ஸெப்ஷன் வந்ததும் இன்டரப்ட் நிலை அழிந்துவிடும். காலி கேட்ச் பிளாக்கில் அதை விழுங்கினால் த்ரெட் எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். லூப்பை விட்டு வெளியேறுங்கள். முடியாத இடத்தில் தன் த்ரெட்டையே மறுபடி இன்டரப்ட் செய்யுங்கள். சாதாரண சாக்கெட் ரீடில் மாட்டிய த்ரெட்டுக்கு இன்டரப்ட் எட்டாது. சாக்கெட்டை வெளியிலிருந்து க்ளோஸ் செய்தால் எக்ஸெப்ஷனோடு வெளியே வரும்.

கேட்டவர்:
லாக் இல்லாமல், ஒரு த்ரெட் செய்த மாற்றம் மற்ற த்ரெட்களுக்கும் தெரியும்படி பூலியனை வாலட்டைல் ஆக்கினால் மட்டும் போதாதா?

பதில் 1:
ஸ்டாப் மட்டும் என்றால் போதும். பாஸுக்குப் போதாது. பூலியனைப் பார்த்ததற்கும் வெயிட்டுக்குப் போவதற்கும் நடுவில் ரெஸ்யூம் வந்தால் அந்த நோட்டிஃபை வீண், த்ரெட் தூங்கியே கிடக்கும். பார்ப்பதும் வெயிட்டும் ஒரே லாக்குக்குள் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். ஜாயினை பட்டன் ஹேண்ட்லரில் வைக்காதீர்கள், திரை உறையும். வேறு த்ரெட்டில் 5000 மில்லிசெகண்ட் வரம்போடு ஜாயின் செய்து, அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தால் அதன் ஸ்டாக் ட்ரேஸை (அந்த நேரத்தில் ஓடும் மெத்தட்களின் பட்டியல்) லாக் ஃபைலில் எழுதுங்கள். எந்த வரியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.