பானிங்குக்குத் தமிழில் என்ன சொல்? வியாழனுக்குள் வேண்டும்

ரீச்சர், திருகோணமலை. திங்கள் இரவு

அன்புடையீர்,

உயர்தர ஊடகக் கற்கை மாணவருக்காக ஒரு கைந்நூல் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கைக்கடக்கமான சாதாரணக் கமராவை வைத்து மோட்டார்ப் பந்தயத்தைப் படமெடுப்பது பற்றிய அத்தியாயம். வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு சொல் என்னை மறித்துக்கொண்டு நிற்கிறது: பானிங்.

ஓடுகிற வண்டியைக் கமராவுக்குள் பிடித்து, அதனோடு உடம்பைத் திருப்பிக்கொண்டே சட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு) பொத்தானை அமுக்குவது. வண்டி தெளிவாக விழும், பின்னாலுள்ள மதிலும் மரமும் கோடுகோடாய் இழுபடும். சட்டர் வேகத்தை 1/1000 செக்கனாக வைத்து எடுத்தால் சில்லுக் கம்பிகளை எண்ணலாம், ஆனால் வண்டி தரிப்பிடத்தில் நிற்பதுபோலத்தான் தெரியும். 1/60 இல் திருப்பி எடுத்தால் ஓட்டம் படத்துக்குள் வந்துவிடும். சனிக்கிழமை உட்துறைமுக வீதியோரம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பழக்கினேன். நாற்பது படத்தில் மூன்று தேறியது, பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சந்தோசம். கை பழகிவிட்டது, சொல்தான் இல்லை. இப்போதைக்கு ‘தொடர்வீச்சு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

சட்டரை அமுக்கியபின் கமரா எடுத்துக்கொள்ளும் தாமதத்துக்குச் ‘சட்டர்ச் சுணக்கம்’ என்று போட்டிருக்கிறேன். அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், உவர்மலை. செவ்வாய் காலை

ரீச்சர், சுணக்கம் அருமை. வீச்சு வேண்டாம். எறிந்த பொருள் போய் விழும் தூரத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம்.

‘சட்டர் வேகம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் திசையுள்ளது வேகம், திசையில்லாதது கதி. சட்டருக்கு இரண்டுமே பொருந்தாது, 1/60 செக்கன் என்பது நேரம். ‘திறந்திருக்கும் நேரம்’ என்றே எழுதுங்கள்.

இனி பானிங். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் மோட்டார் சைக்கிள் செக்கனுக்கு ஏறத்தாழ 11 மீற்றர் ஓடும். 10 மீற்றர் தள்ளி நிற்பவர், அது தனக்கு நேரெதிரே தாண்டும்போது செக்கனுக்கு 64 பாகை என்ற கதியில் திரும்பவேண்டும். நேரெதிர் இடத்தில்தான் அந்தக் கோண வேகம் உச்சம், உச்சத்தருகே அது அதிகம் மாறாது. அங்கே அமுக்கினால் கை சீராக வரும். ஆகவே இந்தக் கலையின் உயிர் கோணத்தில் இருக்கிறது. கோண், கோணல், கோட்டம், கூன், குனி எல்லாம் ஒரே வளைவுப் பொருளில் வந்து சேர்வதைப் பாருங்கள். சம்பந்தர் ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று பாடிய ஊரிலிருந்து சொல் பிறக்கும்போது அதில் கோண் இருக்கட்டும். என் முன்மொழிவு: கோணோட்டு.

ஸ்ரூடியோ வைத்திருப்பவர், உப்புவெளி. செவ்வாய் மத்தியானம்

சேர், உங்களிடம் படித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வீதியோரத்தில் நின்று பொடியனுக்குச் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கவேணும். வண்டி வந்து போக இரண்டு செக்கன். கோணோட்டு என்றால் அவன் யோசிப்பான்.

ரீச்சர், அத்தியாயத்தில் இரண்டு விசயம் சேருங்கள். சிறு கமராவில் சுணக்கத்தின் பெரும்பங்கு குவியம் தேடுவதால் வருவது. வண்டி வரப்போகும் இடத்தில் வீதிக்கோட்டைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அமுக்கி வைத்துக்கொண்டால் அது குறையும். மற்றது எங்கள் வெயில். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (வில்லைத் துவாரத்தின் அளவு) 8 என்றால் ஏறத்தாழ 1/400 தான் சரி. பல சிறு கமராக்களில் துவாரம் எஃப் 8க்கு மேல் சுருங்காது. அப்போது 1/60 வைத்தால் படம் வெளிறிப்போகும். விடியக்காலையோ பின்னேரமோ போகச் சொல்லுங்கள்.

சொல்லைப் பற்றி: கடற்கரையில் வீச்சுவலை எறிகிறவரைப் பாருங்கள். காலை ஊன்றி இடுப்பிலிருந்து திரும்புவார். வலை கையை விட்டுப் போனபிறகும் உடம்பு திரும்பிக்கொண்டிருக்கும். பானிங்கும் அதுதான், சட்டர் மூடின பிறகும் நிறுத்தக்கூடாது. பாதிப் பேருக்குப் படம் கெடுவது அங்கேதான். அதனால் எனக்கு வீச்சு பிடிக்கும்.

மொழிபெயர்ப்பாளர், ரொறன்ரோ (பிறந்தது மூதூர்). செவ்வாய் இரவு

மூலச்சொல்லைப் பெயர்ப்பதில் பயனில்லை. ராபர்ட் பார்க்கர் 1787இல் காப்புரிமை பெற்ற வட்ட ஓவியத்துக்கு வழங்கிய பெயர் பனோரமா. கிரேக்கத்தில் பான் என்றால் எல்லாம். கமராவைத் திருப்பி எல்லாவற்றையும் காட்டுவதற்கு அந்தப் பெயரின் தலைத்துண்டு போதுமாக இருந்தது. நாங்கள் பேசுவதோ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கலைத்துவிடுவது. ஆங்கிலச் சொல்லே தன் பொருளுக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டது.

இன்னொன்று. ‘சில்லு’ என்றால் தமிழகத்தார் கணினிக்குள் இருப்பதை நினைப்பார்கள். ‘சக்கரம்’ போடலாமே?

தமிழாசிரியர், நிலாவெளி. புதன் காலை

சில்லை விடமாட்டேன். எங்கள் பிள்ளைகளுக்கான நூல், எங்கள் வீதியில் உருளும் சொல். தமிழகத்தார் முடுக்கம் என்பதை நாங்கள் ஆர்முடுகல் என்கிறோம். அதற்காக யாரும் படிக்காமல் விட்டதில்லை.

கோணம் வடமொழிக்குப் போனதா வடமொழியிலிருந்து வந்ததா என்ற வழக்கு முடியவில்லை. ஐயா அதன்மேல் வீடு கட்டவேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

கமரா வண்டியின் உடன் திரும்புகிறது. உடன் + திருப்பம். நன்னூல் விதிப்படி னகரத்தின் முன் தகரம் றகரமாகும்: உடன்றிருப்பம். அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதி என்று புணர்த்தியே எழுதினார்கள். அந்த ஒழுங்கை நாங்கள் கைவிட்டதால்தான் இன்று ஒவ்வொரு சொல்லும் இரண்டு துண்டாய்க் கிடக்கிறது.

ஸ்ரூடியோ, உப்புவெளி

உடன்றிருப்பம் என்பதை நான் மூன்று முறை வாசித்துத்தான் பிரித்தேன், ஐயா. ‘உடன்று’ என்று படித்துக் கோபப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

பௌதிகவியல் ஆசிரியர், உவர்மலை

உடன்று என்றால் சினந்து என்ற பொருள் சங்கப் பாட்டில் உண்டு, தம்பி படித்ததில் பிழையில்லை.

கைந்நூலுக்கு ஒரு குறிப்பு. பிரெஞ்சுக்காரர் ஜாக் ஆன்றி லார்ட்டீக் 1910களின் தொடக்கத்தில் எடுத்த பந்தயக் கார்ப் படத்தில் சில்லு முட்டை வடிவாய் முன்னுக்குச் சரிந்திருக்கும், நிற்கும் சனங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். சட்டரின் கீற்று படத்தட்டின் குறுக்கே நகர்ந்துகொண்டிருக்க, அவர் கமராவைத் திருப்பியும் கார் அவரை முந்தியது. இன்றைய சிறு கமராவில் மின்னணுச் சட்டரைப் போட்டுத் திருப்பினாலும் விளக்குக் கம்பங்கள் அப்படியே சாயும், படம் வரிவரியாய் வாசிக்கப்படுவதுதான் காரணம். பிள்ளைகள் கமரா பழுது என்று நினைத்துவிடுவார்கள். அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘வரிச்சாய்வு’ எப்படி?

ரீச்சர், திருகோணமலை. புதன் இரவு

வரிச்சாய்வை எடுத்துக்கொண்டேன், நன்றி ஐயா. ‘திறந்திருக்கும் நேரம்’ என்று எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். சில்லு சில்லாகவே இருக்கிறது.

இன்றைக்கு வகுப்பில் கேட்டேன். சனிக்கிழமை என்ன சொல்லிக் கத்தினீர்கள் என்று. ‘கூடத் திருப்பு, கூடத் திருப்பு’ என்றார்களாம். நான்தான் அதைக் கவனிக்கவில்லை. எழுத்தில் ‘கூட’ தளர்வாய்த் தெரிகிறது. ஆகவே ‘உடன்திருப்பு’ என்று, புணர்த்தாமல், அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் பானிங் என்று தமிழ் எழுத்தில் இருக்கும். எதிர்ப்பு இரண்டு, ஆதரவு மூன்று, அதில் ஒன்று ‘சரி, படுக்கப் போகிறேன்’ என்று வந்தது.

ஒரு பந்தியை நானாகச் சேர்த்திருக்கிறேன். சிறு கமராவில் உருப்பெருக்கம் குறைவு என்பதால் பிள்ளைகளுக்குப் பாதைக்குக் கிட்டப் போகத் தோன்றும். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். தடுப்புக்குப் பின்னால், மேடான இடத்தில், வண்டி மெதுவாகும் வளைவைப் பார்த்து நில்லுங்கள், வண்டி சின்னதாக விழுந்தால் விழட்டும் என்று எழுதியிருக்கிறேன். இந்தப் பந்தியின் சொற்களில் ஏதும் விளங்காதது இருந்தால் மட்டும் இன்றிரவே சொல்லுங்கள்.

தமிழாசிரியர், நிலாவெளி

அந்தப் பந்தி தெளிவு. ஒரு சொல்லும் மாற்றவேண்டாம். உடன்திருப்பு என்று புணர்த்தாமல் விடுவதை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன்.

பௌதிகவியல் ஆசிரியர், உவர்மலை. வியாழன் காலை

ரீச்சர், அச்சகத்துக்குப் போயிற்றா? ‘கோண்திருப்பு’ என்று இரவு தோன்றியது.