வேலியில் போன ஓணானும் இலவச விமான ஆய்வும்

வால்சக்கரம்:
போன மாதம் எங்கள் விமானத்தளத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை அமெரிக்க அரசின் விமானத்துறை ஆய்வாளர்கள் வருவார்கள், விருப்பமுள்ளவர்கள் விமானத்தைக் காட்டலாம், கட்டணம் கிடையாது, குறை தெரிந்தாலும் நடவடிக்கை கிடையாது. அன்று காலை போனால் ஒரு ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவும் திறந்திருக்கவில்லை. வாராவாரம் காபிக் கோப்பையோடு சுற்றுகிற ஆட்களில் ஒருவரைக்கூடக் காணோம். ஆய்வாளர்கள் இரண்டு பேரும் மடக்கு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், பார்க்கவே பாவமாக இருந்தது. என்னுடையது 1946ஆம் ஆண்டு செஸ்னா 140 என்ற சிறு விமானம். ஆனுவல், அதாவது வருடாந்திர ஆய்வு, முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் நானும் கதவைத் திறக்கவில்லை. உங்களில் யாராவது காட்டியிருக்கிறீர்களா?

செரோக்கிக்காரன்:
நான் காட்டினேன் சார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான்.

வந்தவர் தங்கமான மனிதர். டயர், பிரேக், எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்த்துவிட்டு, "இந்த ஆட்டோபைலட்டுக்கு 337 படிவம் எங்கே?" என்றார். விமானத்தில் பெரிய மாற்றம் செய்தால் பதிவு செய்ய வேண்டிய படிவம் அது. எனக்கு முன்பு இரண்டு பேர் கைமாறிய விமானம், ஆட்டோபைலட் அதற்கும் முந்தையது. லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேடு) ஒரு வரி இருந்தது, படிவம் இல்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், அபராதம் எதுவும் இல்லை. ஆனால் தெரிந்த பிறகு தெரியாத மாதிரி பறக்க முடியுமா? விமானத்தைப் பறக்கத் தகுதியான நிலையில் வைத்திருப்பது முதலில் உரிமையாளர் பொறுப்பு என்று விதி 91.403 சொல்கிறது. மூன்று வாரம் தரையில் நின்றது. கடைசியில் ஓக்லஹோமா சிட்டி விமானப் பதிவகத்திலிருந்து என் விமானத்தின் முழு ஆவணத்தையும் வரவழைத்தேன். 1984லேயே பதிவான படிவம் அதில் பத்திரமாக இருந்தது! விமானத்தில் கோளாறே இல்லை, என்னிடம் ஒரு நகல் இல்லை, அவ்வளவுதான்.

எண்ணெய்க்கை:
மெக்கானிக் பக்கத்தையும் கேளுங்கள். நான் ஐஏ (ஆய்வு அங்கீகாரம்) உரிமம் உள்ளவன், ஆனுவலில் கையெழுத்துப் போடுகிறவன். நடவடிக்கை இல்லை என்று உரிமையாளருக்குக் கொடுத்த வாக்கு என் கையெழுத்துக்கும் சேருமா என்று ஒருமுறை கேட்டேன். நேரான பதில் வரவில்லை. அதனால் நானே பல பேரிடம் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு வாடிக்கையாளர் என் பேச்சைக் கேட்காமல் காட்டிவிட்டார். ஆய்வாளர், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் கேபிளில் ஒரு துணியைச் சுற்றி மெல்ல இழுத்தார். கப்பிக்குப் பக்கத்தில் துணி மாட்டியது. மூன்று இழை அறுந்திருந்தது. கேபிள் கப்பியில் வளைகிற இடத்தில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, தளர்த்தி வளைத்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்க வேண்டியது. இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை.

ஓடுபாதை27:
இதையும் ராம்ப் செக்கையும் (ஆய்வாளர் தாமாகவே வந்து தளத்தில் செய்யும் சோதனை) பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ராம்ப் செக்கில் நமக்கு விருப்பம் என்ற பேச்சே இல்லை. உரிமம், மருத்துவச் சான்று, விமானத்தின் தகுதிச் சான்று, பதிவு எல்லாம் காட்டியாக வேண்டும். லாக்புக்கை விமானத்தில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை.

பயத்துக்குப் பழைய காரணம் பாப் ஹூவர் என்ற புகழ்பெற்ற வான்சாகச விமானியின் கதை. 1992இல் ஓக்லஹோமா சிட்டி வான்காட்சியில் அவர் பறந்ததைப் பார்த்த ஆய்வாளர்கள் கொடுத்த அறிக்கையால் மருத்துவச் சான்று பறிபோனது. திரும்பக் கிடைக்க 1995 ஆனது. அது தானாகக் கேட்டுக்கொண்ட ஆய்வு இல்லைதான். ஆனால் அவ்வளவு பெரிய விமானிக்கே அந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்றுதானே தோன்றும்? 2015க்குப் பிறகு, வேண்டுமென்று செய்யாத தவறுக்குத் தண்டனையைவிடத் திருத்தம்தான் முதலில் என்று கொள்கை மாறிவிட்டது. ஹேங்கர் பேச்சு இன்னும் மாறவில்லை.

வால்சக்கரம்:
எண்ணெய்க்கை எழுதியதைப் படித்ததும் ஹேங்கருக்குப் போய்த் துணி போட்டு இழுத்துப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை. கப்பிப் பக்கம் தளர்த்திப் பார்க்க என் மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறேன். ஓக்லஹோமாவுக்கும் இன்றே எழுதிவிட்டேன். ஆவணம் வந்து லாக்புக்கோடு ஒத்துப் பார்த்த பிறகு, அடுத்த தடவை அவர்கள் வந்தால் விமானத்தை வெளியே தள்ளி வைப்பேன். லாக்புக் வீட்டில்தான் இருக்கும்.